தியரி பேப்பர் எடுத்திருக்கும் கயல்விழிக்கு

அன்புள்ள கயல்விழி,

பற்று வரவு, சரிக்கட்டல் பதிவு, ஒருங்கிணைந்த கணக்கு என்று எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கியவள் நீ. நிதிக் கணக்கியல் கோட்பாட்டில் மட்டும் முதல் அசைன்மெண்ட்டே 'விவரிக்கிறாய், ஆராயவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்ததாக எழுதியிருந்தாய். இந்தப் பேப்பர் எடுக்கிற பலருக்கும் வருகிற குறிப்புதான் அது. இதுவரை வந்த பேப்பர்களில் 'இதை எப்படிப் பதிவது' என்று கேட்டார்கள். இப்போது 'ஏன் இப்படிப் பதியச் சொன்னார்கள், வேறு மாதிரி சொல்லியிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும்' என்று கேட்கிறார்கள். நீ இன்னும் பழைய கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

குத்தகையை எடுத்துக்கொள்வோம். ஐஏஎஸ் 17 என்ற பழைய சர்வதேசக் கணக்கியல் தரநிலை இருந்தவரை ஆபரேட்டிங் லீஸ் (சொத்தின் பலனும் அபாயமும் பெரும்பாலும் விட்டவரிடமே இருக்கும் குத்தகை) என்றால் வாடகையைச் செலவில் எழுதிவிட்டுப் போகலாம், ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) கடன் எதுவும் ஏறாது. அதன் இடத்தில் 2019 ஜனவரி 1 முதல் அமலான ஐஎஃப்ஆர்எஸ் 16 தரநிலை, குத்தகைக்கு எடுத்தவர் பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும், கட்டவேண்டிய தவணைகளின் இன்றைய மதிப்பை (வரப்போகும் காலத்து வட்டியைக் கழித்த தொகையை) கடனாகவும் காட்டச் சொல்கிறது. படித்துவிட்டு நகராதே, ஒரு தரம் கையால் போட்டுப் பார். ஆண்டு முடிவில் 1,00,000 வீதம் 5 ஆண்டுகள், வட்டி 10%. இன்றைய மதிப்பு 3,79,079. முதல் ஆண்டில் வட்டி 37,908, தேய்மானம் 75,816, ஆகச் செலவு 1,13,724. ஐந்தாம் ஆண்டில் அதே செலவு 84,907. ஐந்து ஆண்டையும் கூட்டினால் பழைய முறையில் வந்த அதே 5,00,000தான். கையைவிட்டுப் போகும் பணத்திலும் ஒரு காசு மாற்றமில்லை.

அப்படியானால் இந்த மாற்றத்தைக் கம்பெனிகள் ஏன் அவ்வளவு எதிர்த்தன? பங்கு முதல் 5,00,000, கடன் 5,00,000 உள்ள ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள். கடனைப் பங்கு முதலால் வகுத்தால் வரும் கடன் விகிதம் 1. இந்தக் குத்தகை உள்ளே வந்ததும் 1.76. வங்கி ஒப்பந்தத்தில் 1.5-க்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை இருந்தால், தொழிலில் எதுவும் நடக்காமலேயே நிபந்தனை மீறப்படுகிறது. கோட்பாடு நுழையவேண்டிய இடம் இதுதான். வாட்ஸ், ஜிம்மர்மேன் என்ற இரண்டு கணக்கியல் ஆய்வாளர்கள் 1978-ல் தொடங்கிவைத்த பாசிட்டிவ் அக்கவுண்டிங் தியரி (மேலாளர்கள் எந்தக் கணக்கு முறையை ஏன் தேர்கிறார்கள் என்று விளக்கும் கோட்பாடு), கடன் நிபந்தனையை நெருங்கும் மேலாளர் லாபத்தையும் சொத்தையும் கூட்டிக் காட்டும் முறைகளை விரும்புவார் என்று எதிர்பார்க்கிறது. ஆனால் அதை மனப்பாடமாக எழுதிவிட்டால் மார்க் வராது. பல கடன் ஒப்பந்தங்களில், கையெழுத்தான நாளில் இருந்த தரநிலைப்படியே விகிதத்தைக் கணக்கிட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கும். அது இருந்தால் அந்த ஊகம் அங்கே வேலை செய்யாது. எந்த ஷரத்து இருந்தால் என்ன நடக்கும் என்று பிரித்து எழுதினாயானால், அதுதான் ஆராய்வது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாடகை பேசினால் அந்தத் தொகை குத்தகைக் கடனில் சேராது, அந்தந்தக் காலத்தில் செலவாகப் போகும். ஆக ஒப்பந்தத்தின் வடிவத்தை மாற்றியே ஐந்தொகையை இலேசாக்க முடியும். குத்தகைக்கு விட்டவரின் கணக்கோ பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது: ஆபரேட்டிங் லீஸாக விட்ட கட்டடத்தை அவர் முழுதாகத் தன் சொத்தாகக் காட்டுவார், எடுத்தவரும் அதிலுள்ள உரிமையைச் சொத்தாகக் காட்டுவார். 'கட்டுப்பாடு' என்ற சொல்லை இந்த இரண்டு ஐந்தொகைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கிப் பார். ஒரு முழுக் கட்டுரைக்கு அது போதும்.

கருத்துருக் கட்டமைப்பை (தரநிலைகளுக்கு அடிப்படையான கருத்துகளையும் வரையறைகளையும் சொல்லும் ஆவணத்தை) வேதம் மாதிரி மேற்கோள் காட்டுவது மாணவர்கள் செய்யும் அடுத்த தவறு. 2018-ல் திருத்தியபோது சொத்தின் வரையறையிலிருந்து 'பலன் வரும் என எதிர்பார்க்கப்படும்' என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். பலன் தரும் ஆற்றல் உள்ள உரிமை, கடந்தகால நிகழ்வால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும். ஆனால் பிராண்டு, காப்புரிமை போன்ற அருவச் சொத்துகளுக்கான ஐஏஎஸ் 38, பலன் வருவதற்கு வாய்ப்பு அதிகம் இருக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனையை இன்னும் வைத்திருக்கிறது. தானாக வளர்த்த பிராண்டை ஐந்தொகையில் ஏற்றவே கூடாது என்கிறது, அதே பிராண்டைக் காசு கொடுத்து வாங்கினால் ஏற்றலாம் என்கிறது. கட்டமைப்பு ஒரு தரநிலை அல்ல. இரண்டும் மோதினால் தரநிலையே நிற்கும். இதைத் தெரியாமல் 'கட்டமைப்புப்படி இது தவறு' என்று முடித்துவிடுகிறார்கள்.

சமகாலப் பிரச்சினைக்குத் தலைப்பு தேடுகிறாய் என்றால் கிரிப்டோவையே எடுக்கச் சொல்வேன். 2019 ஜூனில், ஐஎஃப்ஆர்எஸ் தரநிலைகளுக்கு விளக்கம் தரும் குழுவான ஐஎஃப்ஆர்ஐசி தந்த விளக்கப்படி, வழக்கமான வணிகத்தில் விற்பதற்காக வைத்திருந்தால் அது சரக்கிருப்பு, மற்றபடி அருவச் சொத்து. ரொக்கமும் இல்லை, நிதிச் சொத்தும் இல்லை. அருவச் சொத்தாகக் கிரய விலையில் வைத்தால், விலை இறங்கும்போது மதிப்பிழப்பு லாபத்தைத் தின்னும், வாங்கிய விலைக்கு மேல் ஏறினால் விற்கும்வரை எதுவும் தெரியாது. அமெரிக்கத் தரநிலையோ 2024 டிசம்பர் 15-க்குப் பின் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, தகுதிபெறும் கிரிப்டோவை நியாய மதிப்பில் (அன்றைய சந்தை விலையில்) அளந்து ஏற்ற இறக்கத்தை லாப நட்டத்திலேயே காட்டச் சொல்கிறது. ஒரே நாணயத்துக்கு இரண்டு அறிக்கை. பொருத்தப்பாடு, ஒப்பிடக்கூடிய தன்மை, முன்னெச்சரிக்கை மூன்றையும் இதில் உரசிப் பார்க்கலாம். நிலைத்தன்மை அறிக்கைகளை (2023 ஜூனில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2) இந்த முறை தொடாதே. உன் கட்டுரையின் 2,000 சொல்லுக்குள் அது அடங்காது.

எழுத உட்காரும்போது தரநிலையின் விதிகளைப் படிப்பதற்கு முன்பே, அதோடு வெளியிடப்படும் 'பேசிஸ் ஃபார் கன்க்ளூஷன்ஸ்' (முடிவுகளுக்கான காரணங்கள்) பகுதியைப் படி. எந்த வழிகளை நிராகரித்தார்கள், ஏன் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. சில தரநிலைகளில் உடன்படாத உறுப்பினரின் மாற்றுக் கருத்தும் இருக்கும். எதிர்வாதத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கோட்பாட்டுக்கு மூன்று பக்கம், பிறகு உதாரணத்துக்கு மூன்று பக்கம் என்று பிரிக்காதே. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு பதிவு, அதனால் மாறும் ஒரு எண், அந்த மாற்றத்தை விளக்கும் ஒரு கோட்பாடு, மூன்றும் சேர்ந்தே வரட்டும்.

முடித்ததும் 'வேண்டும்' என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடு. பாசிட்டிவ் தியரி என்ன நடக்கும் என்று சொல்லுமே தவிர, எது நல்லது என்று சொல்லாது. அதைச் சாட்சிக்கு வைத்து 'மாற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தால் அந்த இடத்தைத் திருத்து. திருத்திய வரைவை, ஐந்து ஆண்டுக் குத்தகை அட்டவணையோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்