காடைக் கூட்ட எடுக்க வேணாம், ஆணக் கொறைங்க, ராத்திரி பல்ப்ப அணைங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம இலங்கை மலையகத்துல இப்ப லயத்துக்கு லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல எல்லாம், காடைக் கூடு இருக்கு. 2022ல சாமான் வெல எல்லாம் ஏறி, 2023ல இந்தியாவுல இருந்து முட்டை எறக்குமதி பண்ற நெலமைக்கு நாடு போச்சே, அதுக்குப் பொறகுதான் நெறைய பேரு இதுல எறங்குனாங்க, கோழி வளர்க்க எடம் இல்லாதவங்க கூட இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஓரமா ஒரு சின்னக் கூட்ட வச்சு புள்ளைங்களுக்கு முட்டை குடுக்குறாங்க, நானும் அதுல ஒருத்தி. இப்ப அந்தக் கூட்டாலயே சண்ட வருது. ஒரு தோட்டத்துல சத்தம் தாங்கலன்னு கொம்ப்ளைன் போயி, ஒபிஸ்ல இருந்து ஆள் வந்து எல்லாக் கூட்டையும் எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கூட்ட எடுக்கவே தேவையில்லங்கய்யா, ஆண் காடைய கணக்கா வச்சிருந்தா போதும், அத சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொம்ப்ளைன் பண்ணவங்க மேல எனக்கு கோவம் இல்ல. லயத்துல காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவுல ஒரே சுவரு, மேல தகரம், ஒரு வீட்டுல இருமுனா மூணாவது வீட்டுக்குக் கேக்கும். நாள் பூரா மலையில ஏறி எறங்கி கொழுந்து எடுத்துட்டு வந்து ராத்திரி படுக்குறவங்க, வெள்ளன எந்திரிச்சு சமைச்சு வச்சுட்டு பிரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துக்குப் போகணும், அவங்களுக்குக் கெடைக்குறதே கொஞ்ச நேரத் தூக்கம், அதுல விடியக்காலம் மூணு மணிக்கு அஞ்சாறு ஆண் காடை மாத்தி மாத்திக் கத்துனா யாருக்குத்தான் ஆத்திரம் வராது. அதுலயும் புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைன்னு புள்ளைங்க படிக்குற வீடுன்னா சொல்லவே வேணாம்.

ஆனா எல்லாக் காடையும் கத்துறது இல்லங்கிறது கொம்ப்ளைன் பண்றவங்களுக்கும் தெரியல, வளர்க்குற ஆளுக பாதிப் பேருக்கும் தெரியல. பெட்டக் காடை போடுற சத்தம் ரொம்பச் சின்னது, பக்கத்து காம்பராவுக்குக் கேக்காது. ஆண் மட்டும்தான் நெஞ்ச நிமித்தி, கழுத்த நீட்டி, விரல் நுனியில எக்கி நின்னு தொண்டைக்குள்ள இருந்து மூணு துண்டா ஒரு கரகரப்புச் சத்தம் போடும், கடைசித் துண்டு இழுத்துக்கிட்டுப் போகும். ஒண்ணு கத்துனா கேட்டுக்கிட்டிருக்குற மத்தது சும்மா இருக்காது, பதிலுக்குக் கத்தும். அதனால ஒரு ஆண் இருக்குற கூட்டுக்கும் அஞ்சு ஆண் இருக்குற கூட்டுக்கும் வித்தியாசம் அஞ்சு மடங்கு இல்ல, அதுக்கும் மேல.

இத்தன ஆண் எப்பிடி வந்துச்சுன்னு பாத்தா, விக்கிறவங்க ஜோடி ஜோடியா விக்கிறாங்க. பத்து காடை வாங்குனா அஞ்சு ஆண் அஞ்சு பெட்ட. வாங்குறவங்களும் ஆண் இல்லாட்டி முட்டை விழாதுன்னு நெனச்சு ஆசையா வாங்கிட்டு வர்றாங்க. அது சுத்தத் தப்பு. பெட்டக் காடைக்கு முட்டை போட ஆண் தேவையே இல்ல, ஆறு ஏழு கெழம வயசுல தானா போட ஆரம்பிக்கும், தீனும் வெளிச்சமும் ஒழுங்கா இருந்தா வருஷத்துக்கு 250, 300 முட்டை வரைக்கும் போடும். ஆண் தேவைப்படுறது குஞ்சு பொரிக்கிறதுக்கு மட்டும்தான், அதுக்கும் நாலஞ்சு பெட்டைக்கு ஒரு ஆண் தாராளம். சாப்புடுற முட்டைக்கு ஆண் வச்சிருக்குறது தீன் நட்டம், சத்தம், சண்ட, வேற ஒண்ணும் இல்ல. ஒரு காடை ஒரு நாளைக்கு 20, 25 கிராம் தீன் திங்கும், அப்ப தேவையில்லாத அஞ்சு ஆணுக்கு மாசத்துக்கு மூணு கிலோவுக்கு மேல தீன் சும்மா போகுது, இன்னைக்கு தீன் விக்கிற வெலைக்கு அது எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் பாருங்க.

ஆண் கூடிப்போனா பெட்ட படுற பாடும் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆண் ஏறும்போது பெட்டையோட பின்னந்தலைய அலகால கவ்விப் பிடிக்கும், நாலஞ்சு ஆண் ஒரே பெட்டைய வெரட்டுனா தல, முதுகு எல்லாம் முடி கொட்டி தோல் சிவந்து ரத்தம் வந்திரும். ஆணுக்கு ஆண் சண்ட போட்டு கண்ணக் கொத்தி குருடாக்குனதும் இருக்கு. அதனால ஆணக் கொறைக்கிறது பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக மட்டும் இல்ல, கூட்டுல இருக்குற மத்த உசுருக்காகவும்தான்.

எது ஆண் எது பெட்டன்னு பாக்க பெரிய படிப்பு வேணாம். சாதாரண மண்ணுக் கலர் காடைன்னா மூணு கெழமயில நெஞ்சு முடி வந்ததும் தெரிஞ்சிரும், ஆணுக்கு நெஞ்சு ஒரே செங்காவிக் கலரா புள்ளி இல்லாம இருக்கும், பெட்டைக்கு வெளிறின நெஞ்சுல கறுப்புப் புள்ளி புள்ளியா இருக்கும். வெள்ளக் காடை, கறுப்பு வெள்ள கலந்த காடை எல்லாத்துலயும் நெஞ்சப் பாத்துச் சொல்ல ஏலாது, அதுக்கு ஆறு கெழம வரைக்கும் பொறுக்கணும். காடைய உள்ளங்கையில மல்லாக்கப் பிடிச்சு, வால ஒதுக்கி, எச்சம் போற எடத்துக்கு மேல மெதுவா அமுக்குங்க. ஆண்னா அங்க கொட்டப்பாக்கு அளவுக்கு செவப்பா ஒரு வீக்கம் இருக்கும், அமுக்குனா வெள்ளையா நுரை வரும். பெட்டைக்கு அந்த வீக்கமும் இல்ல நுரையும் இல்ல. ரொம்ப அழுத்திராதீங்க, சின்ன உசுரு.

அடுத்தது பல்ப்பு. இது நம்ம குளிர் பிரதேசத்துக்கே உள்ள பிரச்சின, இதப் பத்தி யாரும் பேசுறதில்ல. நுவரெலியா, கந்தப்பளை பக்கம் மார்கழி தை மாசக் குளிருல காடை செத்துப் போயிருமோன்னு பயந்து ராத்திரி பூரா கூட்டுக்குள்ள பல்ப்பு போட்டு வைக்கிறாங்க. வெளிச்ச நேரம் கூடக் கூடத்தான் ஆண் காடைக்கு விதை பெருத்து கத்துற வேகமும் கூடும். பறவைக்கு அந்த வெளிச்சம் கண்ணு வழியா மட்டும் போறது இல்ல, மண்டையோட்ட ஊடுருவி நேரா மூளைக்கே போகும், அதனால செவப்பு பல்ப்பு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதும் சரியில்ல, செவப்பு வெளிச்சம் இன்னும் நல்லாவே உள்ள போகும். குளிர் நாட்டுல மாரி காலத்துல பகல் சுருங்குறப்ப ஆண் காடை தானா அடங்கிரும்பாங்க, நமக்கு வருஷம் பூரா பகல் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம், அப்பிடி ஓய்வு கெடைக்காது. அதுக்கு மேல நாமளே ராத்திரியப் பகலாக்கி வச்சா அது எப்பத்தான் வாய மூடும்.

குஞ்சுக்கு சூடு கட்டாயம் வேணும், மொத கெழம 35 பாகைக்கு மேல, பொறகு கெழமைக்கு மூணு பாகை போல கொறைச்சுக்கிட்டு வரலாம். ஆனா முடி முழுசா வந்த காடைக்கு நாலஞ்சு கெழமைக்குப் பொறகு பல்ப்பு தேவையில்ல, ஈரமும் நேர்க்காத்தும் படாம இருந்தா குளிர நல்லாத் தாங்கும். காடையக் கொல்றது குளிர விட ஈரம்தான். மூணு பக்கம் உரச் சாக்கக் கட்டி, மழச் சாரல் அடிக்காத பக்கம் பாத்து கூட்டத் திருப்பி வைங்க, ஒரு பக்கம் காத்துக்குத் தொறந்தே இருக்கணும், அடச்சுப் பூட்டுனா எச்சத்துல இருந்து வர்ற நெடி அதுங்க நெஞ்சப் புடிச்சிரும். முட்டை கூடணும்னு வெளிச்சம் போடுறவங்க அந்திக்கு ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் போட்டுட்டு அணைச்சிருங்க, அந்த நேரம் லயத்துல யாரும் தூங்குறதில்ல. விடியக்காலம் மட்டும் போடாதீங்க.

குஞ்சு பொரிக்க ஒரு ஆண் வேணும்னு நெனைக்கிறவங்க அத அந்திக்கு காத்து போற ஓட்ட உள்ள இருட்டுப் பெட்டியில விட்டு, விடிஞ்சு ஆளுக பிரட்டுக்குப் போன பொறகு தொறந்து விடுங்க. பகல்ல பெட்டையோடயே இருக்கட்டும், பெட்டையக் கண்ணுல காட்டாம தனியாப் பிரிச்சு வச்சா இன்னும் கூடத்தான் கத்தும், தேடிக் கத்துறதுதானே அது. கூட்ட பக்கத்து காம்பராச் சுவருல ஒட்டி வைக்காதீங்க, தகரத்துக்கு அடியிலயும் வேணாம், தேயில பக்கம் பாத்து வைங்க. கழுத்துல பட்டி கட்டுனா கத்தாதுன்னு சேவலுக்கு யாரோ செஞ்சதப் பாத்து காடைக்கும் கட்டுறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்தக் கழுத்து நம்ம பெருவிரல் தடிப்பு கூட இல்ல, மூச்சு முட்டிச் செத்துரும்.

மிச்ச ஆண என்ன பண்றதுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. ஆறு எட்டு கெழமயில கறிக்கு எடுக்கலாம், அதுதான் ஒழுங்கான வழி. மனசு ஒப்பாதவங்க, விரதம் பிடிக்கிற வீட்டுக்காரங்க அறுக்குறவங்ககிட்ட குடுத்திரலாம், அதுல பாவம்னு ஒண்ணும் இல்ல. பாவம்னு நெனச்சு கொண்டு போயி தேயிலைக்குள்ள விட்டுர்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசு கேக்காதது. இது ஜப்பான்ல பல தலமொறையா கூட்டுக்குள்ளயே வளர்ந்து வந்த இனம், தானாத் தேடித் திங்கவும் தெரியாது, ஒளியவும் தெரியாது, அன்னைக்கு ராத்திரியே கீரியோ பூனையோ நாயோ புடிச்சிரும்.

என் யோசனை ஒரு லயத்துக்கு ஒரு வீட்டுல மட்டும் ஆண் இருக்கட்டும். மத்த வீடுகள்ல பெட்ட மட்டும் வளர்க்கட்டும், குஞ்சு வேணுங்கிறவங்க அந்த வீட்டுல முட்டைய வாங்கி பொரிக்க வைக்கட்டும், 17, 18 நாள்ல பொரிச்சிரும். அந்த ஆணையும் வருஷத்துக்கொரு தடவ வேற தோட்டத்து ஆளுககிட்ட மாத்திக்கணும், காடைக்கு ரத்த உறவுக்குள்ள சேந்தா குஞ்சு பொரிக்கிறது சட்டுனு விழுந்திரும், பொறந்தாலும் நோஞ்சானா இருக்கும். யாரு வீட்டுல ஆண் இருக்கணும்ங்கிறத லயத்து ஆளுகளே கோயில்ல ஒக்காந்து பேசி முடிவு பண்ணலாம், கொழந்தையும் வருத்தக்காரங்களும் இல்லாத வீடாப் பாத்தாப் போதும்.

விக்கிற அண்ணன்மாருகிட்ட ஒண்ணு கேக்குறேன், மூணு கெழம பொறுத்து, ஆண் பெட்ட பிரிச்சு, முட்டைக்கு வளர்க்குறவங்களுக்கு பெட்டைய மட்டும் வித்துக் குடுங்க. பெட்டைக்கு வெல கொஞ்சம் கூட வச்சாலும் பரவாயில்ல, நாங்க வாங்குவோம், ஆணக் கறிக்குன்னே தனியா விக்கலாம், உங்களுக்கும் நட்டம் இல்ல.

தோட்டத்து ஒபிஸ் பெரியவங்களும் கூட்டையே எடுன்னு சொல்றதுக்கு முன்னால, எந்த வீட்டுலயும் ஆண் கூடாது, இல்லாட்டி லயத்துக்கு ஒண்ணு மட்டும், ராத்திரி எட்டு மணிக்குப் பொறகு கூட்டுல வெளிச்சம் இல்லன்னு ரெண்டு மூணு ஒழுங்க வச்சுப் பாருங்க. அந்தக் கூட்டுல நடக்குற வேல எல்லாம் பொம்பளைங்கதான் பாக்குறாங்க, மலைக்குப் போறதுக்கு முன்னால தீன், வந்த பொறகு எச்சம் அள்ளுறது, அந்த எச்சமும் மக்குனா மரக்கறிப் பாத்திக்குப் போகுது. அரைப் பேரு போட்டு அரை நாள் சம்பளம் மட்டும் கெடைச்ச நாள்லயும் புள்ளைக்கு தட்டுல முட்டை விழுதுன்னா அது அந்தக் கூட்டாலதான். மிருக வைத்திய ஒபிஸ்ல இருந்து ஒரு ஆள் ஞாயித்துக்கெழம அந்திக்கு லயத்துப் பக்கம் வந்து, கையில ஒரு காடையப் பிடிச்சு இது ஆண் இது பெட்டன்னு காட்டிக் குடுத்தாலே பாதி சத்தம் அடுத்த கெழமயே கொறையும். அதுக்கு உங்க பத்திரிகை வழியா கேக்குறோம், போட்டு உதவுங்க.

இப்படிக்கு,
காடை வளர்க்கும் வாசகி,
தலவாக்கலை.