தோலுக்குள் இறங்க வேண்டிய மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றின் அரிப்பு இரவில் தூங்கவிடாது. களிம்பு தடவினால் அடங்கும், பாதியில் நிறுத்தினால் மறுபடியும் தலைகாட்டும். நானும் பட்டிருக்கிறேன்.

தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆனால் இறந்த செல்களும் இடையிலுள்ள கொழுப்பும் சேர்ந்து, மருந்தை உள்ளே விடாத சுவராக நிற்கின்றன. சரி, மாத்திரை சாப்பிடலாம் என்றால் அது உடல் முழுக்கப் போகிறது. கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைப் பாதிப்பதால், பூஞ்சைத் தொற்றுக்கு அதை நிறுத்திவைக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் பரிந்துரைத்தது.

அதனால்தான் மருந்தைச் சுமந்து செல்லும் மிக நுண்ணிய நானோ துகள்கள் மீது எனக்கு இவ்வளவு நம்பிக்கை. டெர்பினாஃபின் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நுண்ணிய கொழுப்புத் துகளில் அடைத்துத் தடவினால், அது தோலோடு ஒட்டி, மயிர்க்கால்களில் தங்கி, மருந்தை மெல்ல மெல்ல விடும். பூஞ்சை குடியிருக்கும் இடத்திலேயே மருந்தும் இருக்கும். ரத்தத்தில் கலப்பது குறையும்.

எலித் தோலில் கிடைக்கும் நல்ல முடிவு மட்டும் போதாது. மனிதர்களிடம் நீண்ட காலப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். அப்புறம் ஒன்று: ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவரைக் கேட்காமல் யாரும் தடவ வேண்டாம். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்