கணக்குக் கேட்பதும் கீழ்ப்படிவதும்

அன்பு நண்பா,

மரியே வாழ்க. உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்கும் கோபம் ஏறியது. அந்தச் சூட்டில் எழுத வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் நலம். மனைவிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, ஆனால் கோயிலில் திருப்பலிப் பூசையில் மண்டியிட முடிவதில்லை. அது அவளுக்குப் பெரிய குறை. துறவியான என் தங்கை சிஸ்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள் கதை உன் விஷயத்தோடு சம்பந்தப்பட்டது, அதனால் பிறகு சொல்கிறேன்.

கோயில் கூரைக்கென்று மக்களிடம் திரட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்டாய். பங்குக்கோயிலின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவைக் கூட்டத்தில், மரியாதையாகத்தான் கேட்டாய். அதற்கு அடுத்த ஞாயிறு, பங்குக் குருவான ஃபாதரின் மறையுரையில் பதில் வந்தது: குருவுக்குக் கீழ்ப்படியாதவன் கிறிஸ்துவுக்கே கீழ்ப்படியாதவன் என்று. பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து நீ திருப்பலிக்குப் போவதில்லை. பணத்தைப் பற்றி நீ கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. திருப்பலிக்குப் போகாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் உன் உரிமை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பார். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது 1267ஆம் சட்டம். மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537. இதெல்லாம் திருச்சபையை எதிர்ப்பவர்கள் எழுதியதல்ல, திருச்சபையே தனக்கு இட்டுக்கொண்ட கட்டளை. அப்படியிருக்க, கணக்குக் கேட்டவன் எப்படிக் கீழ்ப்படியாதவன் ஆவான்?

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 212ஆம் சட்டம். மேய்ப்பர்கள் கிறிஸ்துவின் பெயரால் போதிப்பதற்கும் தலைவர்கள் என்ற முறையில் முடிவு செய்வதற்கும் கீழ்ப்படியுங்கள் என்று அது தொடங்குகிறது. அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி, திருச்சபையின் நலனுக்கானதை மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரம் அது கடமையும்கூட என்கிறது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் படித்து மற்றதை விட்டுவிட யாருக்கும் அனுமதி இல்லை, ஃபாதருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

ஃபாதர் மறையுரையில் மேற்கோள் காட்டியது லூக்கா 10:16 என்று எழுதியிருந்தாய். 'உங்களுக்குச் செவிசாய்ப்பவர் எனக்குச் செவிசாய்க்கிறார்.' நற்செய்தி சொல்ல அனுப்பப்பட்ட சீடர்களுக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை அது. அதே பகுதியில் சற்று மேலே, பணப்பை எடுத்துச் செல்ல வேண்டாம் என்றும் அவர்களுக்குச் சொல்கிறார். அந்த அதிகாரம் நற்செய்திக்காகக் கொடுக்கப்பட்டது. கூரைப் பணத்தைப் பற்றிய கேள்வியை நிறுத்துவதற்கு அதைப் பயன்படுத்துவது எனக்கு வலிக்கிறது.

ஆனால் இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். எந்தக் கூரை போடுவது, வேலையை எப்போது தொடங்குவது என்றெல்லாம் ஃபாதர் முடிவெடுத்தால், நமக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்கத்தான் வேண்டும். பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் குரல்தான் உண்டு. அது பேரவையைச் சிறுமைப்படுத்துவதாக நீ நினைக்கிறாய், நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாவற்றையும் ஓட்டெடுத்து நடத்தினால் பங்கு கட்சியாகப் பிரிந்துவிடும். எபிரேயர் 13:17 தலைவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும்போது, அவர்கள் உங்களைக் குறித்துக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் பாரம் அவர் தோளில் இருக்கிறது.

இனி தங்கை. பல வருடம் நேசித்து நடத்திய பள்ளியிலிருந்து அவளைத் தொலைதூரத்துக்கு மாற்றினார்கள். தன் துறவற சபையின் மாநிலத் தலைவியிடம் போய், தனக்கு இது சரியாகப் படவில்லை என்று காரணங்களோடு சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவை மாற்றவில்லை. அவள் போனாள். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் அண்ணா. அவங்களும் கேட்டாங்க. இப்ப நான் போறது என் மனசோடதான்." புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கு நூலின் 68ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. முடியாத வேலையைக் கொடுத்தால், தன் இயலாமையைத் தகுந்த நேரத்தில் பணிவாக எடுத்துச் சொல்லட்டும்; அதன்பிறகும் தலைவர் உறுதியாக இருந்தால், கடவுளின் உதவியை நம்பிக் கீழ்ப்படியட்டும். அதே ஒழுங்கில் தலைவருக்கும் கட்டளை உண்டு: முக்கியமான காரியங்களில் எல்லாச் சகோதரர்களையும் கூட்டிக் கேள், இளையவருக்கும் கடவுள் நல்லதை வெளிப்படுத்துவார் என்று. கேட்கத் தெரியாத தலைவர் கீழ்ப்படிதலைக் கோரும்போது கிடைப்பது பயம் மட்டுமே.

மேரி மெக்கிலப்பின் வாழ்க்கையை நீ படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய துறவி. 1871-இல் அடிலெய்டு மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர், கீழ்ப்படியவில்லை என்று சொல்லி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். நற்கருணை கிடையாது, சபை இல்லை, தங்கச் சொந்த இடமும் இல்லை. அப்போதும் அவர் ஆயருக்கு எதிராக யாரையும் திரட்டவில்லை. சில மாதங்களில், 1872 பிப்ரவரியில், மரணப் படுக்கையில் இருந்த ஆயரே தண்டனையை நீக்கினார். பிறகு மேரி அடங்கி உட்கார்ந்துவிட்டாரா என்றால் இல்லை. 1873-இல் உரோமைக்கே போய், தன் சபை அந்தந்த ஆயரின் கீழ் சிதறாமல் ஒரே தலைமையின் கீழ் இருக்க வேண்டும் என்று வாதாடினார். 2010-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அவர் பணிவையும் விடவில்லை, தன் வாதத்தையும் விடவில்லை.

ஒன்றை மட்டும் இந்தப் பேச்சோடு சேர்க்காதே. ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ கொடுமை நடந்து, அதை வெளியே சொல்லாதே என்று கீழ்ப்படிதலின் பெயரால் யாராவது கட்டளையிட்டால், அந்தக் கட்டளைக்கு எந்த மதிப்பும் இல்லை. புகார் சொல்பவரை மௌனம் காக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாகவே எழுதிவிட்டார். எவ்வளவோ பேர் அழுத பிறகுதான் அது வந்தது.

இப்போது செய்ய வேண்டியது. மொட்டைக் கடிதம் வேண்டாம், வாட்ஸப் குழுவில் போடவும் வேண்டாம். முதலில் தனியாகப் போய் ஃபாதரைப் பார். கணக்கு முழுக்கச் சுத்தமாகவும் இருக்கலாம். எல்லார் முன்னிலும் கேட்டது அவரைச் சுட்டிருக்கலாம். பயனில்லை என்றால் பேரவையில் உன்னோடு ஒத்துப்போகும் இருவரை அழைத்துக்கொண்டு போ. அதற்கும் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு ஆயருக்கு எழுது. உனக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

ஆனால் இந்த ஞாயிறே திருப்பலிக்குப் போ. பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார் புனித அகுஸ்தீன். பீடத்தில் நிற்பவர் மேல் உள்ள வருத்தத்துக்காக நீ நற்கருணையை இழக்கக் கூடாது. நீ வராததால் அவருக்கு எதுவும் குறையப் போவதில்லை, உனக்குத்தான் குறைகிறது.

ஆயருக்கு எழுதும் நிலை வந்தால் வரைவை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். தங்கை உன்னை விசாரித்தாள், உனக்காகச் செபிக்கிறாளாம். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய நண்பன்