முகம் வேண்டும், பெயர் வேண்டாமா?

பண்பாட்டுப் பன்மை என்ற தலைப்பில் புகைப்படப் போட்டிகளும் கண்காட்சிகளும் நடத்தும் அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

புகைப்படம் மனிதர்களுக்கிடையே பரிவை வளர்க்கிறது என்ற வரி உங்கள் அறிவிப்புகளில் தவறாமல் வருகிறது. நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் பரிசு பெற்ற படங்களை வரிசையாகப் பார்த்தால், ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல இருக்கிறது. சுருக்கம் விழுந்த ஒரு முதிய முகம், புகைக்கு நடுவே ஒரு சடங்கு, வண்ண உடையில் சிரிக்கும் குழந்தை. கீழே ‘காத்திருப்பு’, ‘நம்பிக்கை’ என்று ஏதாவது ஒரு தலைப்பு. எடுத்தவர் பெயர் இருக்கும், அவர் நாடு இருக்கும், சில இடங்களில் எந்த லென்ஸ் என்பதுகூட இருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்பது மட்டும் இருக்காது.

பழைய பழக்கம்தான் இது. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணித் தோட்டக் கூலிகள் தங்கியிருந்த முகாமில் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே ஒரு தாயைப் படம் எடுத்தார். உலகம் அறிந்த படம்: இருபுறமும் தாயின் தோளில் முகம் புதைத்த பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, கன்னத்தருகே விரல்கள். அந்த முகாமின் படங்கள் செய்தித்தாளில் வந்ததும் அரசு அங்கே உணவு அனுப்பியது. படத்துக்கு அந்தச் சக்தி உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. வேலை தேடி வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. 1978இல்தான் அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே தெரிந்தது. வெள்ளைக்கார ஏழைத் தாயின் அடையாளமாகவே எல்லோரும் பார்த்துவந்த அந்தப் பெண் செரோக்கி பழங்குடி வழியில் வந்தவர். ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள், வரவே இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். லாங்கேயைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. அரசு வேலையாக எடுத்த படம் அது. ஆனால் இத்தனை பேர் ஒரு முகத்தைப் பார்த்து உருகியிருக்கிறார்கள், அந்த முகத்துக்கு உரியவர் யார் என்று தெரியவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. உங்கள் போட்டிகளில் அந்தக் கேள்வி இன்றும் எழுவதில்லை.

இன்னொன்று, வேறு பண்பாடு என்றாலே அது பழையதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. எட்வர்ட் கர்டிஸ் வட அமெரிக்கப் பூர்வகுடிகளைப் படம்பிடித்து 1907 முதல் 1930 வரை இருபது தொகுதிகள் வெளியிட்டார். பிகன் மக்களின் கூடாரத்துக்குள் இருவர் அமர்ந்திருக்கும் படம் அதில் ஒன்று. அவர்களுக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சில் அதை அழித்துவிட்டார்கள். கடிகாரம் வைத்திருக்கும் பூர்வகுடி, பார்க்கிறவர் மனதிலிருந்த பூர்வகுடிக்குப் பொருந்தவில்லை போலும். இன்று கடிகாரத்தின் இடத்தில் கைபேசி. சடங்கு நடத்துபவர் கையில் கைபேசி இருந்தால் அந்தப் படம் போட்டிக்கே வருவதில்லை, வந்தாலும் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை. எனக்கோ அந்தப் படம்தான் வேண்டும். அவரும் நானும் ஒரே காலத்தில் வாழ்கிறோம் என்பதை வேறு எந்தப் படம் எனக்குக் காட்டும்?

தோலின் நிறத்துக்கும் இதே கதை உண்டு. ஃபிலிம் நிறுவனமான கோடாக், படங்களை அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய வண்ணச் சரிபார்ப்பு அட்டைகளில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கறுப்புத் தோல் சரியாகப் பதியாததைவிட, சாக்லேட்டும் மரச்சாமான்களும் சரியான பழுப்பில் வரவில்லை என்று அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் கொடுத்த புகார்தான் ஃபிலிமைத் திருத்த வைத்தது என்று சொல்வார்கள். இன்றைய கேமராக்கள் எவ்வளவோ மேல். ஆனால் படத்தைத் திருத்தும் மென்பொருளில், நுணுக்கங்களை எடுப்பாக்கும் ‘கிளாரிட்டி’யை ஏற்றிச் சுருக்கத்தை ஆழமாக்கி, தோலை இன்னும் இருட்டாக்கி, ‘உணர்ச்சி’ கூட்டுகிறார்களே, அதற்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்குங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், அவர் சம்மதித்தாரா, எடுத்த படத்தை அவர் பார்த்தாரா, ஒரு பிரதி அவருக்குப் போனதா என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களும் குழந்தைகளும் உண்டு. அங்கே பெயரை மறைக்கத்தான் வேண்டும், மறைத்த காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். தெருவில் சட்டென்று அமையும் படத்துக்கு இதெல்லாம் சரிவராது என்பார்கள். கூட்டத்தை எடுத்த படத்துக்குச் சரிவராதுதான். ஒருவரின் முகத்தை மட்டும் சட்டகம் நிறைய எடுத்தவருக்கு, எடுத்த பிறகாவது இரண்டு வார்த்தை பேச நேரமில்லாமல் போகாது.

ஒற்றைப் படத்தோடு, அதே மனிதரின் ஐந்தாறு படங்கள் கொண்ட தொடருக்கும் இடம் கொடுங்கள். திருவிழா நாளில் முகத்தில் சாயத்தோடு நிற்பவர் மறுநாள் பேருந்துக்கு நிற்பதையும், மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிவதையும் நாங்கள் பார்க்க வேண்டும். அவர் எங்களுக்கு நெருங்கிய மனிதராவது பெரும்பாலும் அந்த இரண்டாவது, மூன்றாவது படத்தில்தான்.

முடிந்தால் கேமராவையே கை மாற்றுங்கள். 1990களில் சீனாவின் யுனான் மாகாணத்தில் ஆய்வாளர்கள் கேரலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் கிராமத்துப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வேலையையும் பிள்ளைகளையும் தாங்களே படம்பிடித்து, எதை எதற்காக எடுத்தோம் என்று கூடிப் பேசினார்கள், அதிகாரிகளிடமும் காட்டினார்கள். ஃபோட்டோவாய்ஸ் என்ற இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. வெளியே இருந்து போனவர் எதை எடுப்பார், உள்ளே இருப்பவர் எதை எடுப்பார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒரு கண்காட்சி வையுங்கள், கட்டாயம் வருகிறேன்.

நடுவர் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சமூகத்தைப் பற்றிய படங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தால், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரையாவது மேசையில் உட்கார வையுங்கள். அபூர்வச் சடங்கு என்று நீங்கள் வியக்கும் படத்தை, இது காசு கொடுத்து நடிக்க வைத்தது என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடக்கூடும். அடுத்த போட்டிக்கான விதிமுறைகளை எழுதும்போது இவற்றில் படிவத்து மாற்றத்தை மட்டுமாவது செய்ய முடியுமா? அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளைத் தவறவிடாத ஒரு பார்வையாளர்