வண்டலை வயலுக்கு ஏற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊருணிகளையும் கண்மாய்களையும் தூர்வாருவது பற்றிய கட்டுரையில், தண்ணீரைச் சோதித்ததில் குறையில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஈயம், காட்மியம், செம்பு போன்றவை தண்ணீரில் அதிக நேரம் நிற்பதில்லை. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். தண்ணீர் தெளிந்திருக்க, சேறு கெட்டுக் கிடக்கலாம். தூர்வாரியபின் உரமாக வயலுக்குப் போவது அந்தச் சேறுதான். அதைச் சோதித்தாக வேண்டும்.

விவசாயிகளுக்கு அரசு தரும் மண்வள அட்டை இதற்கு உதவாது. அதில் வரும் 12 அளவுகளில் துத்தநாகமும் செம்பும் உண்டு, அதுவும் பயிருக்குப் போதுமா என்று பார்க்கத்தான். ஈயமும் காட்மியமும் அதில் இல்லவே இல்லை. அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மண் எடுக்கும்போதே பாதிப் பிழை நடந்துவிடுகிறது. துத்தநாகம் பூசிய வாளியில் அள்ளினால் வாளியின் துத்தநாகமே கணக்கில் ஏறும். பிளாஸ்டிக் கரண்டியும், 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய டப்பாவும் போதும். வரத்துக்கால் வாய், நடுப்பகுதி, மடையருகே என்று பிரித்து, மேல் 5 சென்டிமீட்டரைத் தனியாக எடுக்க வேண்டும். வரத்துக்கால் வாயில் மணல் அதிகம், கரையோரம் களி அதிகம். உலோகம் களியில்தான் ஒட்டும் என்பதால் 63 மைக்ரான் சல்லடையில் சலித்த பிறகே ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். பாதரசமும் பார்ப்பதானால் 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்தக் கூடாது, ஆவியாகிவிடும்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுவது? முடிவையே புரட்டிப்போடும் இடம் இதுதான். ஸ்வீடன் ஏரிகளை ஆராய்ந்த ஹோகன்சன் 1980-ல் வகுத்த சூழலியல் இடர்க் குறியீட்டில், சேற்றிலுள்ள அளவை இயல்பு அளவால் (மாசு சேராத மண்ணில் இயற்கையாகவே இருக்கும் அளவு) வகுத்து, உலோகத்தின் நச்சு எண்ணால் பெருக்குவார்கள். காட்மியத்துக்கு 30, ஈயத்துக்கு 5, துத்தநாகத்துக்கு 1. ஒரு கிலோ சேற்றில் 0.6 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலகச் சராசரிக் களிப்பாறை அளவான 0.3-ஐ இயல்பு என்று எடுத்தால் விடை 60, மிதமான இடர். அந்த மண்ணின் உண்மையான இயல்பு 0.15 என்றால் 120, கணிசமான இடர். சேறு அதேதான், தீர்ப்பு வேறு. நம்முடையதோ செம்புறாங்கல் பூமி. இரும்பும் குரோமியமும் இயற்கையாகவே கூடுதலாக இருக்கக்கூடிய மண். பாடப்புத்தகச் சராசரியை இங்கே ஒட்டவைத்தால் இல்லாத குரோமிய மாசு தெரியும், இருக்கிற காட்மியம் ஒளிந்துகொள்ளும். ஊருணிகள் பலமுறை வெட்டப்பட்டவை, ஆழத்துச் சேற்றை மாசுபடாத பழைய மண் என்று அப்படியே நம்ப முடியாது. வீடுகளும் பட்டறைகளும் இல்லாத மேல் நீர்ப்பிடிப்பில் அதே வகை மண்ணை எடுத்து, அதையும் 63 மைக்ரானில் சலித்து அளப்பதே சரி. அறிக்கையில் இயல்பு அளவு எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லையென்றால் தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம்.

கோடையில் வற்றுவது நம் கண்மாய்களின் இயல்பு. தண்ணீருக்கடியில் காற்றில்லாத சேற்றில் காட்மியமும் ஈயமும் கந்தகத்தோடு பிணைந்து அடங்கியிருக்கும். சேறு வெடித்துக் காய்ந்தால் அந்தப் பிணைப்பு அவிழும். முதல் மழையில் ஒரு பகுதி நீருக்கு வந்து மீனுக்கும் நத்தைக்கும் போகும். நெல் வயலிலும் இதே கதைதான். கதிர் முற்றும்போது நீரை வடித்தால் காட்மியம் பயிருக்கு எளிதில் கிடைக்கும். ஆகவே நீர் நிற்கும்போது ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை என இரண்டு சோதனை வேண்டும்.

ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டல் அடித்தால் ஏறக்குறைய 90 டன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருந்தால் அந்த ஏக்கரில் 9 கிலோ ஈயம் சேரும். உழுதால் மேல்மண்ணில் கலந்து செறிவு குறையும், ஆனால் போன ஈயம் திரும்பி வராது.

பழைய வீடுகளின் நிலைக்கதவுப் பெயிண்டைச் சுரண்டுவோர் கீழே தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளிவிட வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு அமலானதே 2017 நவம்பரில்தான். முற்றத்தைக் கழுவினால் அந்தத் தூள் நேரே ஊருணிக்குப் போகும்.

தூர்வாரும்போது சாக்கடை சேரும் மூலையின் சேற்றை வேறாக அள்ளுங்கள். சோதனை முடிவு வரும்வரை அதை வயலுக்கும் கொடுக்கக் கூடாது, கரையின் உட்சரிவிலும் கொட்டக் கூடாது. உட்சரிவில் கொட்டியது அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி உள்ளேதான் இறங்கும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி