தம்பி மலைக்குப் போறது பத்தி

ஆத்தா பாப்பா, போன்ல பேசுனா தம்பி பக்கத்துலயே நின்னு காதக் குடுத்துக்கிட்டு இருக்கான், அதான் எழுதி அனுப்புறேன், டூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போயி பொறுமையாப் படி. சனி ஞாயிறு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறேன்னு அவன் ஒத்தக் கால்ல நிக்கிறான், நீயும் போகட்டுமேப்பா, காசோட அருமை தெரியும்ல அப்டின்னுட்ட. அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

காசோட அருமை தெரியணும், நான் இல்லேங்கல. ஆனா அவனுக்கு 13தான் ஆகுது. பெரியாளுக்குக் குடுக்குற கூலில பாதி குடுத்தாப் போதும்னுதான் பசங்களத் தேடுறாங்க. பேரு எந்த நோட்டுலயும் இருக்காது, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருகிட்டப் போயி நிப்போம் சொல்லு.

விடியக்காலைல ஜீப்பு வர்றது உனக்குத் தெரியும்ல, பொம்பளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் நெருக்கி உக்காந்து, மிச்சப்பேரு பின்னாடி கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு போடிமெட்டு வளைவெல்லாம் ஏறி பூப்பாறை சாந்தம்பாறைன்னு கேரளாத் தோட்டங்களுக்குப் போவாங்க, சின்னப்பயன்னு இவனத்தான் தொங்க விடுவாங்க. மேல போனா ஆனை பயம் வேற, 2023ல அரிக்கொம்பனப் புடிச்சுட்டுப் போனாங்க சரி, மத்ததெல்லாம் அங்கதான இருக்கு.

அதவிட எனக்கு பூச்சி மருந்துதான் பயம். காய் எடுக்கன்னு கூட்டிட்டுப் போவாங்க, போனப்புறம் டேய் தம்பி அந்த ஓஸக் கொஞ்சம் இழுத்துக் குடுடாம்பாங்க. மருந்தடிச்சுட்டு வர்ற ஆளு பக்கத்துல நின்னு பாத்துருக்கியா, சட்டைய ரெண்டு தண்ணி அலசுனாலும் நெடி போகாது, கண்ணு செவந்து தண்ணியா வடியும், கையுறை கெடையாது, மூஞ்சில ஒரு துண்டு, அந்தக் கையோடயே தூக்குவாளியத் தெறந்து சோத்த அள்ளி வாயில வைப்பாங்க. வளர்ற புள்ள ஒடம்புக்குள்ள அது போனா என்ன ஆகும்னு நர்ஸு நீதான் எனக்கு சொல்லணும்.

சட்டமும் அதத்தான் சொல்லுது. 14 வயசு முடியாத புள்ளய வேலைக்கு வைக்கவே கூடாது, 2016ல திருத்துன சட்டம், மீறி வச்சா 6 மாசத்துல இருந்து 2 வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்லேன்னா 20,000த்துல இருந்து 50,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் போடலாம். ஆபத்தான வேலைன்னா 18 வரைக்கும் ஆகாது. ஆனா சொந்த வீட்டுத் தொழில்ல ஸ்கூல் விட்டு வந்தும் லீவுலயும், படிப்பு கெடாம, ஆபத்தில்லாத ஒத்தாசை பண்ணலாம்னு அதே சட்டத்துல இருக்கு.

அதனால நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் நம்ம கடையில நிக்கட்டும், சைக்கிள் ட்யூப்பக் கழட்டி தண்ணிக்குள்ள அமுக்கி எங்க குமிழி வருதுன்னு பாக்க அவனுக்குக் கை நல்லாவே வருது, வாரம் முடிஞ்சா கையில காசு குடுத்துருவேன். போஸ்ட் ஆபீஸ்ல 10 வயசு தாண்டுன புள்ள தன் பேர்லயே கணக்குத் தொடங்கலாம், 500 ரூபா இருந்தாப் போதும். கியர் சைக்கிளுக்குத்தான இவ்ளோ அடம், சேத்து வாங்கட்டும், கொறையுறத நான் போடுறேன்.

நம்ம தெருவுலயே எத்தன பசங்க லீவுக்குத்தான்னு மலைக்குப் போயி ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்தப்ப திரும்பி வரல, நீயே பாத்தவதான. கையில நோட்டு பொழங்க ஆரம்பிச்சா புஸ்தகத்துல மனசு நிக்காது.

நான் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கிறான், அக்கா சொன்னா கேப்பான். ஞாயித்துக்கிழமை கூப்புட்டுப் பேசு, திட்டாத. 14 முடிஞ்சதும் போலாம்னு மட்டும் வாக்குக் குடுத்துராத, ப்ளஸ் டூ முடியட்டும்னு சொல்லு.

அப்பா