கதவைப் பார்க்காத இன்ஸ்பெக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூட்டிய அறைக்குள் புதிர்களை அவிழ்த்து வெளியே வருகிற எஸ்கேப் ரூம் விளையாட்டை வைத்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கொலைக் கதையை என் பேத்தி வாராவாரம் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். எனக்குக் கண்ணில் புரை. இந்தக் கடிதமும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவதுதான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் 42 வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. கதையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று தெரியாது. ஆனால் அந்தக் கதவைப் பற்றிப் பேச உண்டு.

போன இரண்டு வாரத்துக்கு முன் வந்ததைச் சொல்கிறேன். போட்டியின் கடைசிச் சுற்று. அறைக்குள் ஐந்து பிள்ளைகள். நாலு நிமிடம் கரன்ட் போகிறது. விளக்கு வந்ததும் பார்த்தால் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். இன்ஸ்பெக்டர் வருகிறார், கதவைத் தட்டிப் பார்க்கிறார். "மேக்னட் லாக். வெளியிலிருந்து ஈ எறும்பு நுழைய முடியாது. மீதி நாலு பேரில் ஒருத்தன்தான்" என்கிறார். அடுத்த வாரமே அந்த நாலு பேரில் ஒருவனான வியாசர்பாடிப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மேக்னட் லாக் வேலை செய்வதே கரன்டில்தான் ஐயா! 600 பவுண்டு மேக்னட் என்று விற்கிறார்கள். நானே சில ஆபீஸ்களுக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய 270 கிலோ பலத்தில் இழுத்தாலும் அசையாது. கரன்ட் நின்ற நொடியில் அது வெறும் இரும்புப் பட்டை, சுண்டுவிரலால் தள்ளலாம். ஆக, அந்த நாலு நிமிடமும் கதவு திறந்துதான் கிடந்தது. மாடியில் இருந்த அத்தனை பேரும் சந்தேகத்துக்கு உரியவர்கள்தான்.

இதை நான் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு அவளையும் சிநேகிதிகளையும் அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனோம். தலைக்கு இவ்வளவு என்று காசு, ஒரு மணி நேரம், மந்திரவாதியின் வீடு என்று பெயர். உள்ளே போனதும் பிள்ளைகள் பெட்டியைத் தேடினார்கள், நான் கதவைப் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் கரன்ட் போயிற்று. தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம், கதவு ஒரு விரற்கடை விலகி நின்றது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

பேட்டரி வைத்திருந்தால் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பேட்டரி இருந்தால் மேக்னட் விடாது. அப்போதும் கதவுக்குப் பக்கத்தில் அவசரத்துக்கு ஒரு பச்சைப் பெட்டி இருக்க வேண்டும், அமுக்கினால் மேக்னட்டுக்குப் போகிற கரன்ட் அறுந்துவிடும். உங்கள் கதையில் பேட்டரியும் இல்லை, பச்சைப் பெட்டியும் இல்லை. இருந்தால் கதை எவ்வளவு நன்றாக இருக்கும்! பேட்டரி ஒயரைக் கழற்றத் தெரிந்தவர் யார், எந்த ரூமுக்கு எந்த ஒயர் என்று தெரிந்தவர் யார், அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்து கேமராவில் பார்த்து ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் எங்கே போனார் என்று போகலாமே.

இதைக் கதைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த விளையாட்டை 2007-ல் ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் தொடங்கினார்கள் என்று பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். 2019-ல் லண்டனில் உலகப் போட்டியே நடந்ததாம். அதே வருடம் ஜனவரி 4-ம் தேதி போலந்து நாட்டில் கோஷலின் என்ற ஊரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாடப் போன ஐந்து பெண் பிள்ளைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். ஐந்து பேருக்கும் 15 வயது. அதைப் படித்தபின் அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று நம் தேசியக் கட்டட விதிகளிலும் இருக்கிறது. உங்கள் கதையில் கரன்ட் போனதும் ஐந்து பேரில் ஒருவர்கூடக் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. படிக்கிற பிள்ளைகளும் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

அப்புறம், மூன்று எண் பூட்டு. "ஆயிரம் எண்கள், ஆயுசு போதாது" என்று கதாநாயகி அழுகிறாள். ஓர் எண்ணுக்கு மூன்று நொடி என்றால் 3,000 நொடி, அதாவது 50 நிமிடம். ஆட்டமே 60 நிமிடம்! அழாமல் 000-வில் ஆரம்பித்திருந்தால் பத்து நிமிடம் மிச்சம். நாலு எண் பூட்டு என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கு அழலாம். கொட்டுகிற நவம்பர் மழையில் அவள், மழை என்றாலே தண்ணீர் நிற்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக ஐந்து நிமிடத்தில் ஆட்டோவில் வந்து சேர்ந்ததை எங்கள் தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சரி, அதை விடுங்கள்.

விட முடியாதது அந்தப் பையன் விஷயம். அவன் மேல் சந்தேகம் வரக் காரணம், அவன் மாமா பூட்டுக்கடை வைத்திருக்கிறாராம். பூட்டுத் திறக்கத் தெரிந்தவன், அதிலும் வியாசர்பாடிக்காரன், வேறென்ன சாட்சி வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தால் நினைக்கட்டும். எழுதுகிறவரும் நினைக்கலாமா? சோப்பில் அச்செடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சாவி போட்டதே இல்லை. சாவி தொலைந்து வீட்டைத் திறக்கக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டார் ஒருவர் வந்து நின்றபின்தான் பூட்டில் கை வைப்பேன். என்னிடம் தொழில் கற்ற மூன்று பையன்களும் அப்படித்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண்தான். கோணம் பார்த்துக் காயைத் தள்ளுகிற மூளை இங்கே தெருவுக்கு நாலு இருக்கிறது. புதிர்ப் போட்டிக்கு எங்கள் பையனை அனுப்பினீர்களே, சந்தோஷம். ஒரு புதிரையாவது அவன் அவிழ்ப்பதாகக் காட்டியிருக்கலாம்.

கொலை செய்தது இறந்தவளின் தோழி என்கிறாள் பேத்தி. நான் கேம் மாஸ்டர் என்கிறேன். தோற்றவர் பர்மா பஜார் பக்கம் போய் இரண்டு பிளேட் அத்தோ வாங்கித் தர வேண்டும். போன ஞாயிறு எங்கள் பேப்பரில் இணைப்பு இல்லை. டீக்கடையில் கிடந்ததைக் கேட்டு வாங்கிவந்தோம், இன்ஸ்பெக்டர் பேசுகிற இடம் முழுக்கப் பஜ்ஜி எண்ணெய். கடைசி வாரத்திலாவது இணைப்பை உள்ளே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பூட்டு ரிப்பேர் கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை–39.